வீட்டிலே ஒரு பிளாஸ்டிக் மெசின்: செய்து பார்த்தவனுக்கு விரலின் அருமை தெரியும்



நம்மைப் படிக்காத கூட்டம் என்று சொன்னவர்கள் உண்டு. தொழில் தெரியாத கூட்டம் என்று மட்டும் எவரும் சொன்னது கிடையாது. பால்மரம் வெட்டிய எந்தப் பாட்டியையும் கேட்டுப் பாருங்கள். ஏன் இருட்டோடு எழுந்து வெட்டப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் குறையும், உளி எவ்வளவு ஆழம் போகலாம், ஒரு நூல் கூடினால் மரத்தில் எப்படிப் புண் விழும், எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருப்பார். மரத்தைத் தெரிந்தவரிடம் கங்காணிகூட ஓர் அளவுக்கு மேல் வாய் காட்ட மாட்டார். தெரிந்தவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

இன்று அந்தப் பாட்டியின் பேரன் பேத்திகள் தோட்டத்தில் இல்லை. பாயான் லெப்பாசில் 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்த காலத்திலிருந்தே நம் பிள்ளைகள் பெக்டரி பஸ் ஏறத் தொடங்கி விட்டார்கள். பிறை, கூலிம், கிள்ளான், செனாய் என்று எங்கே போனாலும் நம் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களில் பலர் நிற்பது பிளாஸ்டிக் வார்க்கும் மெசினுக்கு முன்னே. வாளி, கூடை, பல் விளக்கும் பிரஷ், டி.வி. கூடு, கார் சாமான் எல்லாம் அந்த மெசின் வயிற்றில்தான் பிறக்கின்றன.

அப்படி எட்டு வருசம் மெசின் ஓட்டிய ஒரு தம்பியிடம் கேட்டேன்: "உள்ளுக்குள்ளே என்னா நடக்குது தம்பி?"

"கதவு மூடும் அண்ணே, சத்தம் வரும், கதவு திறக்கும், நான் சாமானை எடுப்பேன். அவ்வளவுதான் தெரியும்."

தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் பாட்டிக்கு மரம் தெரிந்த அளவு பேரனுக்கு மெசின் தெரியவில்லை என்பதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெரியாத இடத்தில் பேச்சு எடுபடாது. சில சமயம் விரலும் மிஞ்சாது.

அதனால்தான் இந்த வாரம் சம்பளம், போனஸ் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் வார்க்கும் சின்ன மெசினை வீட்டிலேயே செய்வது பற்றி எழுதுகிறேன். வட மாநிலத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அப்படி ஒன்றைத் தாத்தா வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் செய்து வைத்திருக்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெல்டிங் தெரிந்த எவரும், கொஞ்சம் பொறுமை இருந்தால், செய்யக் கூடியதுதான்.

அச்சுத் தொழிலாளி கண்ட வழி

இந்த மெசினைப் பெரிய படிப்பாளி யாரும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் என்பவர் அச்சுக்கூடத் தொழிலாளியாக இருந்தவர். பில்லியர்ட்ஸ் பந்து அந்தக் காலத்தில் யானைத் தந்தத்தில் செய்யப்பட்டது. தந்தத்துக்கு மாற்று தேடப் போய், செல்லுலாய்டு என்ற பொருளை வைத்துத் தொழில் தொடங்கினார். அதைச் சூடாக்கிக் குழலுக்குள் வைத்துத் தண்டால் தள்ளி அச்சுக்குள் ஏற்றும் மெசினுக்கு 1872-இல் அவரும் அவருடைய சகோதரரும் காப்புரிமை பெற்றார்கள். டாக்டர் கையில் இருக்கும் ஊசிக் குழலைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த மெசின்.

எழுபது வருசத்துக்கு மேல் உலகம் அந்த வழியில்தான் ஓடியது. 1946-இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி என்ற அமெரிக்கர், தள்ளும் தண்டுக்குப் பதிலாகச் சுழலும் திருகு வைத்த மெசினைச் செய்தார். பிளாஸ்டிக்கில் சூடு சுலபமாக ஏறாது. தண்டு மெசினில் குழலின் ஓரத்தில் இருப்பது உருகி, நடுவில் இருப்பது கட்டியாகவே கிடக்கும். திருகு சுற்றும்போது பிளாஸ்டிக் உரசி, அரைபட்டு, நடுவிலும் சூடாகிக் கலந்து விடுகிறது. இன்றைக்கு பெக்டரியில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் இந்தத் திருகு மெசின்தான்.

வீட்டில் செய்வதற்கு நாம் ஹயாட் காலத்துத் தண்டு மெசினுக்கே திரும்பிப் போகிறோம். 2013-இல் டச்சுக்கார இளைஞர் டேவ் ஹாக்கன்ஸ் என்பவர், வீசியெறியும் பிளாஸ்டிக்கை மீண்டும் பயன்படுத்துகிற சின்ன மெசின்களின் வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாகவே இணையத்தில் கொடுத்துவிட்டார். நம் தம்பியும் அந்த மாதிரி வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துத்தான் தொடங்கினார்.

மெசினின் உடம்பு

முதலில் சட்டம். இரண்டு அங்குலச் சதுரக் குழாய் அல்லது ஆங்கிள் இரும்பில், நெஞ்சு உயரத்துக்கு வெல்டிங் பண்ணிக்கொள்ள வேண்டும். அதைச் சிமெண்டுத் தரையிலோ பலமான தூணிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால் நெம்புகோலை இழுக்கும்போது மெசின் ஆள்மேல் சாயும்.

அடுத்தது குழல். இதுதான் மெசினின் வயிறு. உள்வாய் 25 மில்லிமீட்டர், நீளம் ஓர் அடிக்குக் குறையாமல், சுவர் கனமான இரும்புக் குழல் வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டி வைத்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. அதன் உள்ளே ஒட்டுப் போட்ட தழும்பு நீளமாக ஓடும். தண்டு அதில் மாட்டும். வெள்ளைப் பூச்சு உள்ள குழாயை வெல்டிங் பண்ணினால் துத்தநாகப் புகை எழும்பும்; அதை மூச்சில் இழுத்தவனுக்கு அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வந்துவிடும். தழும்பில்லாத கனத்த குழலைப் பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும்.

குழலுக்குள் போய் வர ஒரு தண்டு. இதை லேத்தில் கடைந்து வாங்க வேண்டும். தண்டுக்கும் குழலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் சரி. அதிகம் விட்டால் உருகிய பிளாஸ்டிக் மேலே ஏறிப் பிதுங்கும். குறைத்து விட்டால் தண்டு இறுகி நின்றுவிடும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் லேத் பட்டறைக்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள்.

குழலின் மேல்பக்கம் ஒரு வாய் திறந்து, பிளாஸ்டிக் துண்டுகளைப் போடப் புனல் வைக்க வேண்டும். கீழ்முனையில் மூக்கு: மூன்று நான்கு மில்லிமீட்டர் ஓட்டை உள்ள இரும்பு மூடி. இதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி மரை போட்டு வைத்தால், அடைத்துக்கொள்ளும்போது கழற்றிச் சுத்தம் பண்ணலாம்.

சூட்டுக்கு, குழலைச் சுற்றிக் கச்சை மாதிரிக் கட்டுகிற ஹீட்டர் விற்கிறார்கள். 200 வாட் வீதம் மூன்று போதும். மொத்தம் 600 வாட்; நம் வீட்டு மின்சாரத்தில் சுமார் இரண்டரை அம்பியர்தான் இழுக்கும். சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், அது சொல்வதைக் கேட்டு ஹீட்டரை நிறுத்தித் திறக்க ஒரு கண்ட்ரோலர். தெர்மோகப்பிளைக் குழலின் சுவரில் ஓட்டை போட்டு இறுக்கமாகச் செருகி வைக்க வேண்டும். அது கழன்று வெளியே தொங்கினால், வெளிக் காற்றின் சூட்டைத்தான் சொல்லும். கண்ட்ரோலர் "இன்னும் சூடு ஏறலே" என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை விடாமல் எரிக்கும். குழலுக்குள் இருப்பது கருகிப் புகையும்.

நெம்புகோல் கணக்கு

காண்டா தூக்கிய கைக்கு நெம்புகோல் கணக்கு புதிதில்லை. நம் தம்பியின் மெசினில் கைப்பிடிக் கம்பு 120 சென்டிமீட்டர். சுழலும் ஆணியிலிருந்து தண்டு மாட்டிய இடம் 12 சென்டிமீட்டர். பத்துக்கு ஒன்று. ஆள் 40 கிலோ பாரத்தில் இழுத்தால் தண்டு 400 கிலோவில் இறங்கும்.

25 மில்லிமீட்டர் தண்டின் முகப்பரப்பு ஏறக்குறைய 5 சதுர சென்டிமீட்டர். 400 கிலோவை ஐந்தால் வகுத்தால் 80. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 80 கிலோ அழுத்தம்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். "பெரிய தண்டு போட்டா பலம் கூடும்தானே அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். கூடாது, குறையும். தண்டை 50 மில்லிமீட்டர் ஆக்கினால் முகப்பரப்பு நான்கு மடங்காகி, அழுத்தம் 20 கிலோவாக இறங்கிவிடும். பிளாஸ்டிக் அச்சின் மூலை வரைக்கும் போய்ச் சேராது. அரைகுறைச் சாமான்தான் விழும். சின்னத் தண்டு, சின்னச் சாமான், நல்ல அழுத்தம். கை மெசினுக்கு அதுதான் பாதை.

அச்சு என்கிற மோல்டு

மெசின் செய்கிற வேலை பாதி என்றால், மோல்டு செய்கிற வேலை மீதிப் பாதி. உண்மையில் பாதிக்கும் மேலே. இரண்டு அலுமினியப் பலகை. நடுவே சாமானின் வடிவம் குடைந்திருக்கும். இரண்டும் சரியாகப் பொருந்த ஊசிகள். இறுக்கிப் பிடிக்கக் கனமான போல்ட்.

நம் தம்பி முதலில் செய்தது கேரம் காய். தோட்டத்து மன்றத்தில் இருந்த கேரம் பலகைக்குக் காய் தொலைந்து போய், ஆட்டம் நின்று கிடந்ததாம். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று என்று 19 காய் வேண்டும். ஒவ்வொன்றும் 31 மில்லிமீட்டர் அகலம், 8 மில்லிமீட்டர் கனம். சின்னச் சாமான், ஆனால் அதிலே எல்லாப் பாடமும் அடங்கி இருக்கிறது.

முதல் பாடம், சுருக்கம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஐந்தாம் நம்பர் பிளாஸ்டிக் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை வரை சுருங்கும். 31 மில்லிமீட்டர் காய் வேண்டுமானால் மோல்டை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் குடைய வேண்டும். ஊற்றி முடித்த உடனே கைப்பிடியை விட்டுவிடக் கூடாது. கொஞ்ச நேரம் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். விட்டால் காயின் நடுவே குழி விழும்.

இரண்டாவது, சரிவு. மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால் ஏன் இழுத்ததும் உருவி வருகிறது? மங்கின் வாய் அகலம், அடி குறுகல். சுவர் நேராக நின்றால் உருவ முடியுமா? மோல்டும் அப்படித்தான். பக்கச் சுவரை ஒன்று இரண்டு டிகிரியாவது சரித்துக் குடைய வேண்டும். நம் ஜனங்களுக்கு மங்கைக் காட்டி இந்தப் பாடத்தைச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, காற்று. காலி மோல்டு என்று நாம் நினைப்பது காலி இல்லை. உள்ளே காற்று இருக்கிறது. பிளாஸ்டிக் பாய்ந்து வரும்போது அந்தக் காற்று வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் மூலையில் நசுங்கிச் சூடேறி, பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். பலகை ஒன்றோடொன்று சேரும் முகத்தில் தலைமயிரை விட மெல்லிய கீறல் ஒன்று போட்டால் போதும். காற்று போகும், பிளாஸ்டிக் போகாது.

எதைப் போடலாம், எதைத் தொடக் கூடாது

பிளாஸ்டிக் சாமானின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் ஒரு நம்பர் இருக்கும். இந்த நம்பர் முறை 1988-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கை மெசினுக்கு ஏற்றவை 2, 4, 5. தூள் சோப்பு டப்பா, மூடி, ஐஸ்கிரீம் டப்பா மாதிரிச் சாமான்களில் இவற்றைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நான்குக்கும் 180 முதல் 220 டிகிரி, ஐந்துக்கு 200 முதல் 240 டிகிரி வைத்தால் உருகி ஓடும். கழுவி, நன்றாகக் காயவைத்து, நகம் அளவுக்கு வெட்டிப் போட வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே ஆவியாகி, மூக்கு வழியே சீறும்.

நம்பர் இல்லாத சாமானா? தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பெரும்பாலும் நமக்கு வேண்டிய இனம். மூழ்கினால் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் நம்பர், அதாவது பி.வி.சி. தண்ணீர்க் குழாய், வயர் உறை போன்றவற்றை இந்த மெசின் பக்கமே கொண்டு வரக் கூடாது. அதிகச் சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கக்கும். நெஞ்சை அறுக்கும்; இரும்பையும் தின்றுவிடும்.

அடுத்துச் சொல்லப் போவதைத் தோட்டத்து ஜனங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். தோட்டத்துச் சாமான் கொட்டகையில் களைக்கொல்லி மருந்து வந்த காலி டின்கள் கிடக்கும். பிளாஸ்டிக் டின். அடியைத் திருப்பினால் 2 என்று இருக்கும். கனமான பிளாஸ்டிக், நல்ல பிளாஸ்டிக், காசில்லாமல் கிடைக்கிற பிளாஸ்டிக். பையன்களுக்குக் கை அரிக்கும். தொடாதீர்கள்! அந்த டின்னின் சுவரிலேயே மருந்து ஊறி இருக்கும். கழுவினாலும் முழுக்கப் போகாது. சூடாக்கினால் அது புகையாகி மூச்சில் ஏறும். பராகுவாட் என்கிற களைக்கொல்லி நம் பெண்களுக்குச் செய்த கொடுமை நமக்குத் தெரியும். பல வருசம் போராடிய பிறகு 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றன, டின்களும் இருக்கின்றன. மருந்து பட்ட டின்கள் 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பட்டியலிடப்பட்ட கழிவு. அவற்றை முறைப்படி அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. தண்ணீர் பிடிக்கவும் கூடாது, உருக்கவும் கூடாது.

ஓட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மின்சாரம் முதலில். குழலுக்கும் சட்டத்துக்கும் எர்த் வயர் கட்டாயம். பழைய லயத்து வீடுகள் சிலவற்றில் எர்த் சரியாக இருக்காது. அந்த வீட்டில் இந்த வேலை வேண்டாம். வயர் போடுகிற வேலையை லைசன்ஸ் உள்ளவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் சுவிட்சைத் தட்ட வேண்டும்.

வேலை திறந்த வெளியில், காற்றோட்டமான இடத்தில். சமையல்கட்டில் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நிற்கிற வேலை இல்லை இது.

மூக்கு அடைத்திருக்கும்போது பலத்தைக் கூட்டி இழுக்காதீர்கள். முன்னே வழி இல்லாத பிளாஸ்டிக், பின்னே புனல் வழியாகச் சீறி வரும். புனலுக்குள் முகத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது நஞ்சுப் பாம்பின் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி.

உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பதறிப் போய்ப் பிய்க்காதீர்கள், தோலோடு வந்துவிடும். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய், பற்பசை, சோயா என்று எதையும் பூசாதீர்கள்.

காசு கிடைக்குமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நேராகவே சொல்கிறேன். கேரம் காய் விற்று வீடு கட்ட முடியாது. கை மெசினில் ஒரு தடவை குழலை நிரப்பிச் சூடாக்க இருபது நிமிடம் போல ஆகிறது. பெக்டரி மெசின் அரை நிமிடத்தில் எட்டு, பத்து சாமான் சேர்த்து விடுகிறது. பசாரில் மலிவாகக் கிடைக்கிற சாமானோடு நாம் போட்டி போட முடியாது.

ஆனால் கடையில் கிடைக்காத சாமானுக்கு மதிப்பு உண்டு. பழைய அலமாரியின் கைப்பிடி, மேசைக் காலுக்குப் போடும் குல்லாய், கம்பெனியே விட்டுவிட்ட மெசினின் குமிழ் போன்றவை. நம் தம்பிக்கும் இப்படித்தான் ஒன்றிரண்டு வேலை வருகிறது. அது கைச்செலவுக்கு. அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு.

பெக்டரி மெசின் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது

அந்தத் தம்பி வேலை செய்வதும் ஒரு பிளாஸ்டிக் பெக்டரியில்தான். "நூறு டன் மெசின்" என்று அவர்கள் தினமும் சொல்வார்கள். நூறு டன் என்பது மெசினின் எடை என்றுதான் அவரும் பல வருசம் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் கேரம் காய் வார்த்த பிறகுதான் விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். கேரம் காயின் முகப்பரப்பு ஏழரை சதுர சென்டிமீட்டர். உள்ளே 80 கிலோ அழுத்தம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால், மோல்டைப் பிளக்கப் பார்க்கிற பலம் 600 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை பன்னிரண்டு! ஒரு சின்னக் கேரம் காய்க்கு இவ்வளவு. வீட்டு மோல்டுக்குக் கனமான போல்ட் போடுவது அதற்குத்தான்.

பெக்டரியில் சாமான் பெரியது. அழுத்தமும் பல மடங்கு. அதைத் திறந்துவிடாமல் பிடிக்கத்தான் மெசின் நூறு டன்னில் மோல்டை இறுக்குகிறது. நூறு டன் என்றால் இரண்டாயிரம் அரிசி மூட்டை. அந்த இரண்டு இரும்புப் பலகைக்கு நடுவேதான் நம் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கையை நீட்டி எடுக்கிறார்கள்.

அந்தக் கைக்காகத்தான் மெசினில் கதவு வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் மோல்டு மூடக் கூடாது. அதற்காக மின்சார சுவிட்ச், எண்ணெய் அழுத்தத்தை நிறுத்தும் வால்வு, குறுக்கே விழுந்து தடுக்கும் இரும்புக் கட்டை என்று பூட்டுக்கு மேல் பூட்டு போடுவது வழக்கம். ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன? உற்பத்திக் கணக்கு குறைகிறது என்று சுவிட்சை டேப் ஒட்டி மூடிவிடுகிறார்கள். கட்டையைக் கழற்றி மூலையில் சாத்திவிடுகிறார்கள். "சும்மா ஓட்டு, ஒண்ணும் ஆகாது" என்கிறார் சூப்பர்வைசர். மூன்று விரலை இழந்த ஒரு பெண்ணின் கேஸை நான் கையில் எடுத்திருக்கிறேன். அந்தத் தங்கச்சி கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "அந்த டேப் எதுக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே அண்ணே!"

சட்டம் நம் பக்கம் நிற்க, நாம் என்ன செய்ய வேண்டும்?

1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டது. அதே நாளில் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. அதில் புதிதாக வந்த 26ஏ பிரிவை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் பண்ண வேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அந்த ஆபத்தை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காமல் போனால், தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

"நியாயமான காரணம்" என்ற இரண்டு வார்த்தையைக் கவனியுங்கள். "பயமா இருக்கு சார்" என்று சொன்னால் சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போவார். "கதவு சுவிட்ச் டேப் போட்டு இருக்கு, தடுப்புக் கட்டை இல்லை, மோல்டு நூறு டன்னில் மூடுது, கை உள்ளே இருக்கும்போது மூடினா நிறுத்த வேறு வழி இல்லை" என்று சொன்னால்? அதுதான் நியாயமான காரணம். அப்படிச் சொல்லத் தெரிந்தவரை யாரும் சிரித்து அனுப்ப முடியாது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை எடுத்துப் பேச மெசின் தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் உண்டு. அந்த நாற்காலியில் தலையாட்டுகிறவரை உட்கார வைக்காதீர்கள். மெசினின் வயிற்றைப் பார்த்தவரை உட்கார வையுங்கள்.

நம் தம்பி உட்கார்ந்திருக்கிறார். போன வருசம் ஒரு மெசினில் கதவுப் பூட்டு வேலை செய்யவில்லை என்று எழுத்தில் கொடுத்து, அதைச் சரி செய்த பிறகுதான் ஓட்டினார்கள். கேரம் காய் வார்த்தவர் காப்பாற்றியது யாருடைய கையை என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

இப்போது செய்ய வேண்டியது

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு பெக்டரிக்குப் போகிற பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். வெல்டிங் தெரிந்தவர், வயரிங் தெரிந்தவர், லேத் தெரிந்தவர் நம் ஜனங்களிலேயே இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு மெசின் செய்யட்டும். தனியாக ஒரு பையன் இரவில் கொட்டகையில் மல்லுக்கட்டுவதைவிட அது பாதுகாப்பு. கை வேலையில் ருசி கண்ட பிள்ளை அங்கேயே நின்றுவிடாமல், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்கட்டும். மெசின் ஓட்டுகிறவர் மோல்டு செய்கிறவராக உயரலாம். அந்த வேலைக்குச் சம்பளமும் வேறு, மரியாதையும் வேறு.

தாய்மார்களே! பிள்ளை வீட்டுப் பின்னால் இரும்பைத் தட்டிக்கொண்டு இருந்தால் "வேலை வெட்டி இல்லையா" என்று விரட்டாதீர்கள். எர்த் வயர் போட்டாயா, செருப்பு போட்டாயா, மருந்து டின்னைத் தொட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

மரத்தைத் தெரிந்து வெட்டினோம். மரம் நமக்குப் பால் கொடுத்தது. மெசினையும் தெரிந்து ஓட்டுவோம். பத்து விரலோடு வேலைக்குப் போன பிள்ளை, பத்து விரலோடு வீடு திரும்பட்டும்.